மாடனுக்கு நேர்ந்த கிடா

கழுகுப்பாறைச் சரிவில், வரையாடுகளுக்கு நடுவே, ஒரு கறுப்பு உருவம் மேய்ந்துகொண்டிருந்தது. முதலில் அது கிழட்டு ஆண் வரையாடு என்றுதான் நினைத்தேன். வயசான ஆண்கள் கறுத்துப்போகும். ஆனால் குட்டி போடும் மாசத்தில் அவை பெட்டைகளோடு அவ்வளவாகச் சேராது, ஒதுங்கித் திரியும். பைனாகுலரைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தினமும் எங்கள் வீட்டு வாசலில் கஞ்சித்தண்ணி குடிக்கிற கிடா அது, நாலு நாளாகத்தான் வரவில்லை. என் மனைவி மாரித்தாய் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடா.

அதைச் சுற்றிப் பதினாறு குட்டிகள். எல்லாம் இந்த வருஷம் பிறந்தவை. மூத்ததுக்கு நாலு வாரம் இருக்கும், கடைசிக்கு ஐந்து நாள். எது எந்தத் தாயின் குட்டி என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக நான் இந்தப் பாறைக்குக் கீழே தற்காலிக வாச்சர். தற்காலிகம் என்றால் பதினோரு வருஷம் என்று அர்த்தம், அதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நிரந்தரப் பட்டியல் ஏப்ரலில் வரும், அதில் என் பேர் இருக்கிறது என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார்கள்.

வரையாடு உலகத்தில் இந்த மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் கிடையாது. மொத்தமே மூவாயிரத்துக்குள்தான். அதற்காகத்தான் குட்டி போடும் சமயத்தில் அரசாங்கம் பூங்காவை இரண்டு மாசம் பூட்டி, வந்த டூரிஸ்டுகளையெல்லாம் திருப்பி அனுப்புகிறது. மனுஷன் போனால் குட்டி மிரளும் என்று எங்களையே தூரத்தில் நிற்கச் சொல்கிறார்கள். இவ்வளவு கட்டுக்காவலுக்கும் நடுவில் எங்கள் வீட்டுக் கிடா கல்யாண வீட்டுக்கு வந்த மாமனைப் போல உலாவிக்கொண்டிருந்தது.

அப்போது அது இருமியது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கழுத்தை நீட்டி, முதுகைக் குறுக்கி, மூன்று தடவை குலுங்கியதில் தெரிந்தது. அந்த ஐந்து நாள் குட்டி, என்ன இது என்று பார்க்கப்போவது போல், கிட்டே போய் அதன் மூக்கை முகர்ந்தது.

நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்னால் பக்கத்து எஸ்டேட்டில் ஏழு ஆடுகள் செத்தன. ஆட்டுக்கொல்லி நோய். மூக்கு ஒழுகும், வாயில் புண் வரும், கழியும், ஒரு வாரத்தில் சாகும். வீட்டு ஆட்டிடமிருந்து வரையாட்டுக்குத் தொற்றினால் என்ன ஆகும் என்று வனத்துறை டாக்டர் பின்சி எங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். "பாறையில நிக்கிற ஆட்டுக்கு ஆர்க்கும் ஊசி போடப் பற்றாது சோலைச்சேட்டா. அதுகொண்டு கீழ உள்ள ஆட்டுக்குப் போடணும். ஒண்ணு விட்டாலும் வேலி பொளிஞ்சு விழுந்த மாதிரி" என்பார். பாதி மலையாளம், பாதி தமிழ். ஆனால் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் புரியாதவர் யாரும் இல்லை.

அதற்குத்தான் கார்த்திகை மாசம் எங்கள் குருசடிமேடு டிவிஷனில் முகாம் போட்டார்கள். பூங்காவை ஒட்டிய லயங்களில் இருக்கிற அத்தனை ஆட்டுக்கும் ஊசி. ஊசி போட்ட ஆட்டுக்கு அடையாளமாகக் காதில் ஓட்டை போட்டு ஒரு மஞ்சள் வில்லை. எங்கள் ஆட்கள் அதைக் கம்மல் என்றார்கள். லயத்துக்காரன், அதிலும் வாச்சர் என்பதால் பதிவேடு என் கையில். எழுபத்து மூன்று ஆடு. அடியில் 'இந்த லயத்தில் ஊசி போடாத ஆடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.

பொய் எழுதவில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனாலும் சொல்கிறேன். நேர்ந்துவிட்ட கிடாயை ஆட்டுக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எங்கள் பாட்டன்மார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தபோது ஊர்க் கோயிலின் பிடிமண்ணை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து மாடனுக்குப் பீடம் போட்டார்கள். அதிலிருந்து இதுதான் முறை. நேர்ந்துவிட்டால் அது மாடனோடது. கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, எந்த வீட்டு வாசலில் வாய் வைத்தாலும் துரத்தக் கூடாது. உன் வீட்டில் எத்தனை ஆடு என்று கேட்டால், நேர்ந்தவள்கூட அதை விட்டுவிட்டுத்தான் எண்ணுவாள். டாக்டர் வீடு வீடாகக் கேட்டார், எல்லாரும் எண்ணிச் சொன்னார்கள், நான் எழுதினேன். என் புத்தியில் அது உறைக்கவே இல்லை.

உறைத்தது அன்று சாயங்காலம். கிடா வழக்கம்போல வந்து கதவை முட்டியது. இரண்டு காதும் வெறுமையாக இருந்தது. நானும் மாரித்தாயும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். டாக்டரின் ஜீப் அப்போது தேயிலை ஆலை வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. ஒரு போன் போட்டிருக்கலாம்.

"காதுல ஓட்ட போட்டா ஊனம்லா. ஊனப்பட்டதை மாடன் ஏத்துக்கிடுவாரா?" என்றாள் மாரித்தாய்.

நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் மகள் ஆர்த்திக்கு மூளைக்காய்ச்சல் வந்து, கோட்டயத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தாள். பத்தாம் நாள் விழித்து, தோசை வேண்டும் என்று கேட்டாள். அந்த ஒன்பது நாளில் ஒரு நாள், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து மாரித்தாய் நேர்ந்துகொண்டதுதான் இந்தக் கிடா. 'பிள்ளையத் தா, கிடாயத் தாரேன்.' மறையூரிலிருந்து குட்டியாக வாங்கிவந்து மஞ்சத்தண்ணி தெளித்து விட்டாள். வருகிற பங்குனியில், மாடன் கோயில் கொடைத் திருவிழாவில் அதைக் கொடுத்து முடிக்க வேண்டும். ஆர்த்தி இப்போது தேவிகுளத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள்.

சரிவில் இறங்கி, பெட்டைகள் மிரளாத தூரத்தில் நின்று, மாரித்தாய் கூப்பிடுவதுபோல நாக்கைச் சொடுக்கி "மாடா, மாடா" என்றேன். லயமே ஊட்டி வளர்த்த பிராணி. கூப்பிட்டவுடன் வந்தது. கிட்டே வந்ததும்தான் பார்த்தேன். மூக்கில் மஞ்சளாகச் சளி அடைத்திருந்தது. உதட்டோரம் தோல் உரிந்து, பின்தொடையெல்லாம் கழிச்சல் ஒட்டியிருந்தது. கழுத்தில் என் மப்ளரைக் கட்டி, தேயிலைக்காட்டு ஓரத்தில் பாழாய்க் கிடந்த காவல் கொட்டகைக்கு இழுத்துப்போய்த் தூணில் கட்டினேன். நேர்ந்த கிடாயைக் கட்டியது அதுதான் முதல் தடவை.

கூட ரோந்து வந்த சூசையப்பன் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தான். அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. பேசாமல் கிடாயைக் கீழே கொண்டுபோய்விட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம். செத்தால் மாடன் எடுத்துக்கொண்டார் என்பார்கள். மேலே குட்டிகள் செத்தால் பனி என்பார்கள், சிறுத்தை என்பார்கள். ஏப்ரலில் நான் நிரந்தரம். இதையெல்லாம் நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

கழுகுப்பாறையில் ஒரே ஒரு கல்லின் மேல் ஏறி நின்றால்தான் போனில் டவர் கிடைக்கும், அதுவும் தமிழ்நாட்டு டவர். அந்தக் கல்லின் மேல் கால் மணி நேரம் நின்றேன். ஐந்து நாள் குட்டி தாயிடம் போய்ப் பால் குடித்தது. கிடாயின் மூக்கை முகர்ந்த அதே வாயோடு போய்க் குடித்தது. அந்தத் தாய் இந்தப் பதினோரு வருஷத்தில் என் கண்ணெதிரே பிறந்தவள். டாக்டருக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பதிவேட்டுக்குத்தான் வந்தார்.

"அந்த ரெஜிஸ்டர்ல கையெழுத்து நிங்ஙளோடதல்லே?"

"ஆமாம் டாக்டர்."

"அங்கேயே நில்லுங்க. கிடாயை விட்டுடாதீங்க."

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. டாக்டரும் உதவியாளர் ஒருவரும் தலை முதல் கால் வரை வெள்ளை உறை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் ஊரில் வெள்ளை உறையைப் பார்த்தால் கொரோனா ஞாபகம்தான் வரும். நாலாம் நம்பர் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு ஓடிவந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் மாடன் கோயில் பூசாரி தவசிக்கண்ணு. அவர் ஆலையில் வாட்ச்மேன், ஆனால் லயத்துக்குள் வந்துவிட்டால் மேனேஜருக்கும் மேலே.

டாக்டர் கிடாயின் வாயைத் திறந்து பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், பஞ்சில் சளி எடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது பிழைக்காது. இன்னைக்கே கொண்டுபோய்க் கதை முடிச்சு, உள்ளுறுப்பு எடுத்து லேபுக்கு அனுப்பணும். என்ன நோய்னு உறப்பா தெரிஞ்சாத்தான் மத்த வேலை தொடங்க முடியும். உடமஸ்தன் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். ஆரோட ஆடு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தவசிக்கண்ணு முந்திக்கொண்டார். "அது யாரு ஆடும் இல்ல டாக்டரம்மா. மாடனோடது."

"மாடன் எந்த வீடு?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டருக்கும் உடனே புரிந்துவிட்டது, முகம் சிவந்தார். "உடமஸ்தன் இல்லேன்னா இது அனாத ஆடு. அப்ப நான் மேல எழுதி ஆர்டர் வாங்கணும். ரெண்டு நாள், மூணு நாள் ஆகும். அத்தன நேரம் இல்ல" என்றார்.

"என் பேரை எழுதுங்க டாக்டர். எங்க வீட்டுக் கிடாதான்" என்றேன்.

"ஏலே சோலை, நாக்க அடக்கு" என்றார் தவசிக்கண்ணு. "நீயா நேந்த? நேந்தவ வேற, நீ வேற. சாமிக்கு விட்டதத் திருப்பிக் கேக்கணும்னா நேந்தவதான் தன் வாயால கேக்கணும். கேட்டா அந்த நேத்திக்கடன் செல்லாமப் போயிரும். எதுக்காக நேந்தாளோ அதுக்கும் ஈடு இல்லாமப் போயிரும். யோசிச்சுப் பேசு."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மாரித்தாய் வந்தாள். தலையில் கொங்காணித் துணி, முதுகில் பாதி நிறைந்த கூடை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. கிடாய்க்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். அது அவள் கையை நக்க வந்தது, டாக்டர் தடுத்தார்.

"இதக் கொண்டுபோனா அந்தக் குட்டிக பொழச்சிருமா?"

டாக்டர் நல்லவர், பொய் சொல்லவில்லை. "அது சொல்ல முடியாது சேச்சி."

"கொண்டுபோகாட்டா?"

"என்ன நோய்னு தெரியாம நான் ஒண்ணும் செய்ய முடியாது. தெரிஞ்சா லயத்து ஆடெல்லாம் இன்னைக்கே அடைக்கலாம், சுத்துவட்டாரம் முழுக்கத் திரும்ப ஊசி போடலாம். மத்தக் கூட்டத்துல உள்ள வரையாடு இங்க வந்து சேராம ஆள் நிறுத்தலாம். இந்தப் பாறையோட நிக்கும். இல்லேன்னா மலை முழுக்கப் போகும்."

மாரித்தாய் என் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி வாங்கினாள். இந்தப் பாறைக்குக் கீழேதான் பிறந்தாள், இங்கேதான் வாக்கப்பட்டாள், ஒரு நாளும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. "எந்தக் குட்டி?" என்றாள். நான் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரிந்ததோ, தெரியவில்லையோ. திருப்பிக் கொடுக்கும்போது கண் நிறைந்திருந்தது.

"தாயே, வேண்டாம்" என்றார் தவசிக்கண்ணு. அவர் குரலிலும் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவருக்கும் ஆர்த்தி தூக்கி வளர்த்த பிள்ளை.

மாரித்தாய் பீடம் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள். "எழுதுங்கம்மா. மாரித்தாய், கணவன் பேரு சோலை, குருசடிமேடு டிவிஷன், எட்டாம் நம்பர் வீடு. என் ஆடுதான்."

கையெழுத்துப் போட்டாள். கிடாயை ஜீப்பில் ஏற்றினார்கள். லயத்து ஆட்கள் ஒவ்வொருத்தராகக் கலைந்து போனார்கள். அவளோடு ஒருத்தரும் பேசவில்லை. அவள் கூடையை மாட்டிக்கொண்டு மறுபடி கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஆட்டுக்கொல்லிதான். எழுபத்து மூன்று ஆட்டையும் பட்டியில் அடைத்து, புல் அறுத்துப் போட ஆள் வைத்தார்கள். கம்மல் போட்ட ஆடு ஒன்றுகூடச் சாகவில்லை. என்னை ரேஞ்ச் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, பதிவேட்டை என் முன்னால் விரித்து, என் கையெழுத்தை என்னையே படிக்கச் சொன்னார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் எந்தக் குட்டி எது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று டாக்டர் வாதாடினாராம். நோய் உடம்பில் ஒளிந்திருக்கக்கூடிய காலம் இருபத்தோரு நாள். அதுவரை நான் எண்ண வேண்டும். அதற்குப் பிறகு அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அந்த இருபத்தோரு நாளை என் பகையாளிக்கும் கொடுக்கமாட்டேன். விடிந்தால் பாறைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு எண்ணுவேன். ஒரு குட்டி தலையைக் குலுக்கினால் மூக்கு ஒழுகுகிறதா என்று பைனாகுலரை எடுப்பேன். ஒன்று தும்மியது, அன்று நான் சோறு தின்னவில்லை. ஒன்பதாம் நாள் பதினைந்துதான் இருந்தது. அன்று கிடாயின் மூக்கை முகர்ந்த ஐந்து நாள் குட்டியைக் காணவில்லை. டாக்டருக்குச் சொல்லிவிட்டு, மத்தியானம் வரை சரிவு முழுக்க ஒவ்வொரு பொந்தாகப் பார்த்தோம். சூசையப்பன் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே தேடினான். மூன்று மணிக்குத் தாயும் குட்டியுமாகப் பாறையின் மறுபக்கத்திலிருந்து, சினிமாவுக்குப் போய்விட்டு வருவதுபோல நிதானமாக வந்தார்கள். எனக்கு அந்தத் தாயை நாலு கெட்ட வார்த்தை திட்டவேண்டும்போல இருந்தது. திட்டவும் செய்தேன்.

வீட்டில் மாரித்தாய் வேறொரு கணக்கு வைத்திருந்தாள். காலையிலும் சாயங்காலமும் ஹாஸ்டலுக்குப் போன் போடுவாள். "சாப்பிட்டியா? தல வலிக்கா? மேலு சுடுதா?" என்று அதே மூன்று கேள்வி. ஆர்த்திக்கு அலுத்துவிட்டது. "எதுக்கும்மா தினமும் கேக்க? எனக்கு ஒண்ணும் இல்ல, பரீட்சைக்குப் படிக்கணும்" என்று எனக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். மாரித்தாய் போனை வைத்துவிட்டு, வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கொடைக்குக் கால் நாட்டினார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு யாரும் சொல்ல வரவில்லை. தவசிக்கண்ணு மட்டும் ஒரு தடவை வந்து, கொஞ்சம் திருநீறு கொடுத்துவிட்டுப் போனார்.

இருபத்தோராம் நாள் பதினாறும் இருந்தன. மூன்று தடவை எண்ணினேன். டாக்டர் வந்து அவரும் எண்ணினார். "தப்பிச்சு சோலைச்சேட்டா" என்று என் தோளைத் தட்டினார். அடையாள அட்டையை அவரிடமே கழற்றிக் கொடுத்தேன். வேலை போனது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஓடாத குறையாக இறங்கி வந்தேன். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

மாரித்தாய் அடுப்பங்கரையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சொன்னேன். இருபத்தோரு நாள் முடிந்துவிட்டது, பதினாறும் பிழைத்துவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று சொன்னேன்.

"நல்லாருக்கட்டும்" என்றாள். நெசமாகத்தான் சொன்னாள், முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது. பிறகு போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதுகளுக்கு இருபத்தோரு நாளுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. நம்ம பிள்ளைக்கு எத்தன நாளுங்க?"

அவள் ஹாஸ்டல் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் எடுக்கிற வரைக்கும் இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.